ஓவர்ஃப்ளோ டேங்குக்கு ட்ரெயின், ரிட்டர்ன் பைப் போடுறது எப்படி

மீன் வளர்க்க ஓவர்ஃப்ளோ டேங்க் வாங்குனதும் எல்லாரும் எவ்ளோ பெரிய மோட்டார் போடலாம்னுதான் கேக்குறாங்க. அதுக்கு முன்னாடி இத யோசிங்க, நீங்க ஆபீஸ்ல இருக்கும்போது கரண்ட் போய் திரும்ப வந்தா தண்ணி எங்க போகும்? பைப் லைன் மொத்தமும் இந்த கேள்விக்காகத்தான். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், சுமார் 250 லிட்டர் டேங்க், கீழ சம்ப் (ட்ரெயின் பைப்ல இறங்குற தண்ணி சேர்ற தொட்டி, அங்கிருந்து மோட்டார் ரிட்டர்ன் பைப்ல திரும்ப டேங்குக்கு ஏத்தும்), இத வச்சே சொல்றேன்.

முதல்ல ஓட்டை. டஃபன்ட் கிளாஸா இருந்தா ட்ரில் வைக்கவே கூடாது, மொத்த கண்ணாடியும் பொடிப்பொடியா போயிடும், அதனால கடைக்காரர்கிட்ட கேட்டு உறுதி பண்ணிட்டுதான் கை வைக்கணும். ஓவர்ஃப்ளோ பாக்ஸுக்குள்ள (டேங்குக்குள்ள தடுத்து வச்ச பெட்டி, மேல இருக்குற பல்லு இடுக்கு வழியா தண்ணி இதுக்குள்ள வழியும்) 3 ஓட்டை வேணும்: மெயின் ட்ரெயின், எமர்ஜென்சி ட்ரெயின், ரிட்டர்ன். ட்ரெயின் ரெண்டுக்கும் ஒன்னேகால் இன்ச் பைப், ரிட்டர்னுக்கு முக்கால் இன்ச். மணிக்கு 1500 லிட்டர் தண்ணிய மேல ஏத்துற மோட்டாருக்கு இது தாராளம்.

பல்க்ஹெட் (ஓட்டைல பைப்ப கசியாம பிடிக்கிற ஃபிட்டிங்) மாட்டும்போது ரப்பர் வாஷர் டேங்குக்கு உள்பக்கம், தட்டையான விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவுல வரணும். நட்டு வெளிய. கையால இறுக்கிட்டு அதுக்கப்புறம் கால் திருகு, அவ்ளோதான். ஸ்பேனர் போட்டு முறுக்குனா வாஷர் பிதுங்கி அங்கதான் கசியும்.

இப்ப பைப். மெயின் பைப்போட வாய் பாக்ஸுக்குள்ள தண்ணிக்கு அடியிலயே இருக்கணும், எமர்ஜென்சி அத விட ஒரு 4 இன்ச் உயரமா, ஆனா பாக்ஸோட பல்லுக்கு கீழ இருக்கணும். பாக்ஸுக்குள்ள வர்ற இந்த ரெண்டு பைப்புக்கும் சொல்யூஷன் போடாதீங்க, அழுத்தி சொருகுனா போதும், கழட்டி கழுவ வசதியா இருக்கும். மெயினுக்கு கீழ கேட் வால்வு போடுங்க, பால் வால்வு கொஞ்சம் திருப்புனாலே நிறைய மாறிடும். எமர்ஜென்சிக்கு வால்வே வேண்டாம். மெயினோட முனை சம்ப் தண்ணிக்குள்ள 1 இன்ச்சுக்கு மேல முங்கக்கூடாது, முங்குனா பைப்ல இருக்குற காத்து வெளிய தள்ள முடியாம சைஃபன் (பைப் முழுக்க தண்ணியா நிறைஞ்சு காத்தில்லாம இழுக்குறது) பிடிக்காது. எமர்ஜென்சியோட முனை தண்ணிக்கு மேலயே நிக்கட்டும், அதுல தண்ணி கொட்டுற சத்தம் கேட்டா மெயின்ல ஏதோ அடைப்புன்னு உடனே தெரிஞ்சிடும்.

ஒட்டுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் சும்மா சொருகி பாத்து மார்க்கர்ல கோடு போட்டுக்கோங்க. உப்புத்தாள் தேச்சு, துடைச்சு, சொல்யூஷன் தடவி, கால் சுத்து திருப்பி, அரை நிமிஷம் அழுத்தி பிடிக்கணும். மறுநாள் வரைக்கும் தண்ணி விட வேணாம். மோட்டாருக்கு மேல ஒரு யூனியன் (கழட்டி மாட்டுற இணைப்பு) கண்டிப்பா வேணும்.

ரிட்டர்ன்தான் ரொம்ப முக்கியம். கரண்ட் போனா மோட்டார் நிக்கும், ஆனா நாசில் (ரிட்டர்ன் பைப்ல தண்ணி டேங்குக்குள்ள வர்ற முனை) எவ்ளோ ஆழத்துல இருக்கோ அதுவரைக்கும் டேங்க் தண்ணி அதே பைப் வழியா ரிவர்ஸ்ல சம்புக்கு இறங்கும். நம்ம டேங்க்ல 1 இன்ச் இறங்குனாலே சுமார் 14 லிட்டர். நாசில் 4 இன்ச் ஆழத்துல இருந்தா 56 லிட்டர், சம்ப் வழிஞ்சு ஹால் முழுக்க தண்ணிதான்! அதனால நாசில தண்ணி மட்டத்துக்கு ஒட்டி அரை இன்ச் கீழயே வைங்க. செக் வால்வு (தண்ணிய ஒரு பக்கமா மட்டும் விடுற வால்வு) இருக்கேன்னு நம்பாதீங்க, கொஞ்சம் பாசி மாட்டுனாலும் அது மூடாது.

மீன் விடுறதுக்கு முன்னாடி வெறும் குழாய்த் தண்ணில டெஸ்ட். கேட் வால்வ முழுசா திறந்து மோட்டார் போடுங்க, பாக்ஸ்ல உறிஞ்சுற சத்தம் கேக்கும், அது அடங்குற வரைக்கும் வால்வ கொஞ்சம் கொஞ்சமா மூடுங்க, மட்டம் ரெண்டு பைப் வாய்க்கும் நடுவுல நின்னா சரி. அப்புறம் சுவிட்ச ஆஃப் பண்ணுங்க, பாக்ஸ் தண்ணியும் ரிட்டர்ன் தண்ணியும் இறங்கி முடிஞ்சப்புறமும் சம்ப்ல 2 இன்ச் காலியா இருக்கணும். இல்லன்னா அந்த அளவுக்கு தண்ணிய மொண்டு எடுத்துடுங்க. திரும்ப ஆன் பண்ணி, ஓடும்போது சம்ப் மட்டம் எங்க நிக்குதோ அங்க கோடு போடுங்க, அந்த கோட்டுக்கு மேல எப்பவும் தண்ணி ஊத்தக்கூடாது. இத நாலஞ்சு தடவ பண்ணி ஒவ்வொரு தடவையும் சைஃபன் தானா பிடிக்குதான்னு பாருங்க. கடைசியா மெயின் வால்வ முழுசா மூடிட்டு மோட்டார ஓட விடுங்க, மொத்த தண்ணியும் எமர்ஜென்சி வழியாவே இறங்கி டேங்க் வழியாம இருந்தா மீன் விடலாம்.