ஏ.ஐ.யில் பிஎச்.டி.: நம் சேலத்துப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏ.ஐ.யில் பிஎச்.டி. சேர நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "சார், எந்த அல்காரிதம் எடுக்கலாம்?" என்றுதான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. முறையை முதலில் கையில் எடுத்துக்கொண்டு அதற்கு ஒரு பிரச்சினையைத் தேடுகிறோம். ஓநாய், திமிங்கலம், எறும்பு என்று ஏதோ ஓர் உயிரினத்தின் பெயர் கொண்ட ஆப்டிமைசேஷனை (சிறந்த தீர்வைத் தேடும் முறையை), தரவிலிருந்து கற்கும் ஒரு நியூரல் நெட்வொர்க்கோடு ஒட்டி, அரை சதவீதம் துல்லியம் கூடியது என்று முடியும் தீசிஸ்களை நிறையப் பார்த்துவிட்டேன். அந்த அரை சதவீதத்தால் யாருக்கு என்ன பயன் என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால், பாவம், அந்தப் பிள்ளையிடம் பதில் இருக்காது.

கேள்வி நம் ஊரிலேயே கிடக்கிறது. ஆத்தூர், தலைவாசல் பக்கம் ஒரு குச்சிக்கிழங்கு (மரவள்ளி) காட்டில் இறங்கிப் பாருங்கள். வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோயால் சுருண்ட இலையும், சத்துக் குறைவால் மஞ்சளான இலையும் ஒரே வரிசையில் நிற்கும். செல்போன் படத்தை வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியுமா? இது ஒரு நல்ல ஆராய்ச்சிக் கேள்வி. முறையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது, நானே செய்த தவறு. கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே பகுதிநேரமாகப் பிஎச்.டி. செய்த காலம் அது. படங்கள் குறைவாக இருந்ததால் ஒவ்வொன்றையும் திருப்பி, சுழற்றி, வெளிச்சம் மாற்றிப் பத்தாக்கினேன். அதன் பிறகுதான் மாடல் (படத்தைப் பார்த்து நோயைக் கணிக்கும் நிரல்) கற்கும் பயிற்சிக்குச் சில, அதைச் சோதிக்கச் சில என்று பிரித்தேன். சோதனையில் 98 சதவீதத் துல்லியம் வந்தது. ஒரு விவசாயி புதிதாக அனுப்பிய படங்களைக் கொடுத்தபோது மாடல் தடுமாறியது. ஒரே இலையின் ஒரு நகல் பயிற்சியிலும் இன்னொரு நகல் சோதனையிலும் இருந்ததால், மாடல் நோயைக் கற்கவில்லை, அந்த இலையை மனப்பாடம் செய்திருந்தது. தரவுக் கசிவு என்பது இதுதான். சரி செய்ய ஓராண்டு போனது.

அதனால் முதலில் பிரியுங்கள், அதையும் படம் படமாகப் பிரிக்காமல் காடு காடாகப் பிரியுங்கள். ஒரு காட்டில் எடுத்த படங்கள் எல்லாம் ஒரே பக்கம் இருக்கட்டும். படங்களைப் பெருக்குவது, நிற மதிப்புகளைச் சீராக்க அளவுகோல் கணக்கிடுவது எல்லாம் பிரித்த பிறகு, பயிற்சிப் பகுதியை மட்டும் வைத்து. சோதனைப் பகுதியைக் கடைசியில் ஒரே ஒரு முறைதான் தொட வேண்டும். ஒரு எளிய பழைய முறையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பயிற்சியை ஐந்து முறை ஓட்டி, துல்லியத்தின் சராசரியோடு ஏற்ற இறக்கத்தையும் எழுதுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் தரவை அப்படியே நம்புவதும் இதே வகைத் தவறுதான். பிளான்ட்வில்லேஜ் என்ற பயிர் இலைப் படத் தொகுப்பில் 54,306 படங்கள் உண்டு. பெரும்பாலும் இலையைப் பறித்து வெறும் பின்னணியில் வைத்து எடுத்தவை. 2016இல் அதை வைத்துச் செய்த ஆய்வில் துல்லியம் 99.35 சதவீதம். வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்ததும் 31.4 சதவீதத்துக்கு இறங்கியது. ஆய்வாளர்கள் இதை மறைக்காமல் எழுதினார்கள் என்பதை நான் பெரிதும் மதிக்கிறேன். அந்தத் தொகுப்பின் 14 பயிர்களில் குச்சிக்கிழங்கு கிடையாது. உகாண்டாவில் திரட்டிய மரவள்ளிப் படங்கள் 21,367 கிடைக்கின்றன. ஆனால் அங்கே தேமலை உண்டாக்கும் வைரஸ் வகைகள் வேறு, நம் முள்ளுவாடி, குங்குமரோஸ் ரகங்களும் அதில் இருக்காது. தொடங்க அது உதவும், முடிவு சொல்ல உதவாது.

எந்த இலைக்கு எந்த நோய் என்று நாமே பெயரிடக் கூடாது. ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. குறைந்தது இரண்டு நிபுணர்கள் தனித்தனியாகப் பெயரிட்டு, எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்பதையும் கணக்கிட வேண்டும். பெரியார் பல்கலைக்கழகம் இருக்கும் கருப்பூரிலிருந்து ஏத்தாப்பூருக்கு ஒரு பஸ் ஏறிப் போகாததால் பலவீனமாகிப்போன ஆய்வுகள் உண்டு.

கைடை (ஆய்வு வழிகாட்டியை) பெயருக்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள். யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி ஒரே நேரத்தில் ஒரு பேராசிரியர் 8 மாணவர்களையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் அதிகபட்சம் வழிநடத்தலாம். அவரிடம் இப்போது படிப்பவர்களோடு டீக்கடையில் அரை மணி நேரம் பேசினால் பாதி தெரிந்துவிடும். மீதி, அவர் கடந்த மூன்று ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளில் தெரியும்.

பணம் கட்டினால் பதினைந்து நாளில் வெளியிடும் ஜர்னல் பக்கமே போகாதீர்கள். 2022 விதியில் கட்டுரை வெளியிடும் கட்டாயம் இல்லை, பல்கலைக்கழகங்கள் தனியாகக் கேட்கலாம்; சேரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். சாட்பாட் தரும் மேற்கோள்களில் இல்லாத கட்டுரைகளும் வரும். ஒவ்வொன்றையும் திறந்து படித்த பிறகே சேருங்கள்.

அதே விதிப்படி பிஎச்.டி.யின் கால அளவு குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6, மறுபதிவு செய்தால் 8. பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு சலுகை உண்டு, மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பாக 240 நாள் வரை எடுக்கலாம். இது தெரியாமல், குழந்தை பிறந்ததும் பதிவை ரத்து செய்துவிட்டுப் போன இரண்டு பெண்களை எனக்குத் தெரியும். இருவரிடமும் நல்ல கேள்வி இருந்தது, பாதி தரவும் கையில் இருந்தது.