தன்னார்வப் பணிக்கு ஒரு சின்னக் குறிப்பேடு

தன்னார்வப் பணிக்குப் போய்வந்த கையோடு, தேதி, எத்தனை மணி நேரம், என்ன செய்தீர்கள் என்று மொபைலில் இரண்டு வரி குறித்து வையுங்கள். வேலை விண்ணப்பத்தில் 'சமூக சேவையில் ஆர்வம்' என்று எழுதினால் யாரும் நின்று படிப்பதில்லை. 'சனிக்கிழமைதோறும் 2 மணி நேரம், 12 பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தேன்' என்றால் அதைப் பற்றியே கேள்வி வரும். ஆறு மாதம் கழித்து யோசித்தால் இந்தக் கணக்கெல்லாம் நினைவில் நிற்காது. அப்புறம், மனம் சோர்ந்த நாளில் அந்தக் குறிப்பைப் புரட்டிப் பாருங்கள். நம்மால் நாலு பேருக்கு உதவ முடிந்தது கண்ணெதிரே தெரியும், அதுவே பெரிய தெம்பு.

ஒரே ஒரு நாள் போய்வந்த வேலைக்கு இது தேவையில்லை. மருத்துவமனையிலோ காப்பகத்திலோ உதவுகிறீர்கள் என்றால், அங்கிருப்பவர்களின் பெயரையோ நோயையோ எழுதவே கூடாது. நேரமும் வேலையும் மட்டும் போதும்.