13 பேர், 26 நாடுகள்: வீட்டில் ஒரு யூரோவிஷன் இரவு

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டில் யாருக்கும் வேறு வேலை இருக்கக் கூடாது. அன்றுதான் யூரோவிஷன், அதாவது பெரும்பாலும் ஐரோப்பிய நாடுகள் ஆளுக்கொரு பாட்டோடு மோதும் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று. சுவிஸில் பேர்ண் நகருக்குப் பக்கத்தில், மாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் தளத்தில் இருக்கிறோம். வரவேற்பறையில் நெருக்கி உட்கார்ந்தால் 13 பேர் கொள்ளும். 2014இல் மூத்த மகள் தன் வகுப்புத் தோழிகள் இருவரைக் கூட்டி வரலாமா என்று கேட்டதில் தொடங்கியது இது. 2020இல் தொற்றுக் காலம் என்று போட்டியே நடக்கவில்லை. அந்த வருடத்தைத் தவிர மற்ற எல்லா வருடமும் எங்கள் வீட்டில் ஆட்கள் கூடியிருக்கிறார்கள்.

நீங்களும் நடத்திப் பார்க்க நினைத்தால், முதலில் நேரத்தைக் கணக்குப் போடுங்கள். இறுதிச் சுற்று சுவிஸ் நேரப்படி இரவு 9 மணிக்குத் தொடங்கும். முடிய நள்ளிரவு தாண்டி ஏறக்குறைய ஒரு மணியாகும். நான்கு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்ப்பது எவருக்கும் கஷ்டம். முதல் வருடம் நான் சாப்பாட்டையும் அலங்காரத்தையும் மட்டும் ஓடி ஓடிச் செய்தேன். பத்தாவது பாட்டு வருவதற்குள் இளசுகள் கைத்தொலைபேசிக்குள் போய்விட்டார்கள், ஆண்கள் பால்கனியில் ஊர்க்கதை தொடங்கிவிட்டார்கள். வருகிறவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு நாடும் ஒரு பென்சிலும் இருக்க வேண்டும் என்பது அடுத்த வருடம்தான் எனக்குப் பிடிபட்டது. மிச்சமெல்லாம் இதற்குப் பிறகுதான்.

நாட்டைச் சீட்டுக் குலுக்கிக் கொடுக்கிறேன். இறுதிச் சுற்றுக்கு வழக்கமாக 26 நாடுகள் வரும், நாங்கள் 13 பேர். ஆளுக்கு இரண்டு நாடு, கணக்கு அழகாக முடிந்துவிடும். ஆள் குறைவென்றால் மூன்று மூன்றாகப் பிரியுங்கள். செவ்வாயும் வியாழனும் அரையிறுதிகள் நடக்கும். வியாழன் இரவு முடிந்த கையோடு எந்த நாடு எத்தனையாவதாகப் பாடும் என்ற வரிசையும் வந்துவிடும். அதனால் வெள்ளிக்கிழமை சீட்டெழுதலாம். ஆனால் குலுக்குவதை மட்டும் சனி மாலை எல்லோரும் வந்த பிறகு செய்யுங்கள். 2024இல் நான் அவசரப்பட்டு வெள்ளியே குலுக்கி, யாருக்கு எது என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். மறுநாள், இறுதிச் சுற்று நடக்க வேண்டிய அதே நாளில், நெதர்லாந்துப் போட்டியாளர் விலக்கப்பட்டார். நெதர்லாந்துச் சீட்டு விழுந்திருந்த என் தம்பி மகன் ஆரஞ்சு நிறச் சட்டை வாங்கி வைத்திருந்தான். அவனுடைய முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

சீட்டில் வந்த நாட்டுக்காக அந்த ஆள் கை தட்ட வேண்டும், அந்தப் பாட்டு வரும்போது எழுந்து நிற்க வேண்டும், அந்த நாட்டு நிறத்தில் ஏதாவது ஒன்று உடம்பில் இருக்க வேண்டும். அதற்கென்று எதையும் கடையில் வாங்க விடுவதில்லை. ஒரு கூடையில் பழைய சால்வைகள், ரிபன், வளையல், நிறத்தாள் போட்டு வாசலில் வைத்துவிடுவேன். சீட்டு எடுத்ததும் கூடைக்குள் கைவிட்டு நிறம் தேடுவார்கள். 2023இல் பின்லாந்துப் பாடகர் கேரியா பச்சை நிறத்தில் பெரிய கைகள் வைத்த மேற்சட்டையோடு வந்தது நினைவிருக்கும். அன்று பின்லாந்து சீட்டு என் கணவருக்கு. சின்ன மகள் பச்சைத் தாளைச் சுருட்டி, பத்தே நிமிடத்தில் அவருக்கு அந்தக் கைகளைச் செய்து கொடுத்துவிட்டாள்.

இனி மதிப்பெண் தாள். இதில் கொஞ்சம் மினக்கெடுங்கள், இரவு முழுவதையும் தாங்குவது இதுதான். ஏ4 தாளில் பாடும் வரிசைப்படி நாடுகளை எழுதி, பக்கத்தில் குரல், பாட்டு, மேடை என்று மூன்று கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று குறிக்கச் சொல்கிறேன். கடைசியில் ஒரு வரி இடம் விடுங்கள். "நீலச் சட்டை, கிழவர் வயலின்" என்று இரண்டு சொல் எழுதி வைத்தால்தான் 20ஆவது பாட்டு வரும்போது மூன்றாவது பாட்டு ஞாபகம் வரும். இந்தக் கட்டங்கள் நினைவுக்கு மட்டும்தான். உண்மையான புள்ளி கடைசிப் பாட்டு முடிந்த பிறகு. அப்போது ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த பத்து நாடுகளைத் தேர்ந்து, போட்டியில் கொடுப்பது போலவே 12, 10, பிறகு 8 முதல் 1 வரை கொடுக்க வேண்டும். 1975 முதல் போட்டியில் இருக்கிற முறை இது. ஒரு ஆளின் புள்ளிகளைக் கூட்டினால் 58 வர வேண்டும், வராவிட்டால் எங்கோ பிழை. கூட்டிப் பார்க்கும் வேலையைக் கணக்கில் பிடிப்புள்ள ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். சீட்டில் வந்த நாட்டுக்குத்தான் 12 கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் வைக்காதீர்கள். கை தட்டுவது சீட்டுக்கு, புள்ளி மனதுக்கு.

மொழி ஒரு தடையாகுமோ என்று பயந்தேன், ஏனென்றால் அம்மா எங்களோடு இருக்கிறார். அவருக்குத் தமிழ் மட்டும்தான், ஜெர்மன் கடைக்குப் போகிற அளவுக்கு. ஆனால் நினைத்துப் பாருங்கள், 26 பாட்டில் பல பாட்டு அந்த அறையில் ஒருவருக்கும் முழுதாகப் புரிவதில்லை. எஸ்தோனிய மொழியின் முன்னால் அம்மாவும் நானும் என் பிள்ளைகளும் ஒரே வரிசை. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலாக ஒரு சின்ன அறிமுகப் படம் ஓடும். அந்த நேரத்தில் சின்ன மகள் பாட்டு எதைப் பற்றியது என்று தமிழில் ஒரே வரி வாசிப்பாள். முதல் நாளே இணையத்தில் வரிகளின் மொழிபெயர்ப்பைப் பார்த்து எழுதி வைப்பது அவளுடைய வேலை. 2022இல் உக்ரைன் பாட வந்தபோது, "இது பாடுகிறவர் தன் அம்மாவுக்காக எழுதின பாட்டு, அம்மாவின் பேர் ஸ்டெஃபானியா" என்று வாசித்தாள். போர் தொடங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அம்மா பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பாட்டு முடியும் வரை கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். பிறகு மூன்று கட்டத்திலும் ஐந்து போட்டார். போட்டியில் நடுவர்கள் ஒரு பக்கமும் பார்க்கிற மக்கள் ஒரு பக்கமும் புள்ளி கொடுப்பார்கள்; அன்று மக்கள் வாக்கில் மட்டும் உக்ரைனுக்கு 439 புள்ளிகள் விழுந்தன. அந்த ஒற்றை வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள், வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கட்டாயம்.

சாப்பாட்டில் என் கொள்கை: பென்சில் பிடிக்காத கையால் தின்னக் கூடியதாக இருக்க வேண்டும். சோறு கறி வைத்தால் தாளெல்லாம் மஞ்சளாகும். ஒரு வருடம் எல்லோரும் ஆசைப்பட்டார்களே என்று கொத்துரொட்டி போட்டேன். நான் குசினியில் தகடு தட்டத் தட்ட, வரவேற்பறையில் இத்தாலியின் பாட்டு யாருக்கும் கேட்கவில்லை, எனக்குப் பார்க்கவும் கிடைக்கவில்லை. இப்போது மீன் ரோல்ஸ்தான். வெள்ளி இரவு மீனும் கிழங்கும் போட்டுக் கறியைப் பிரட்டி வைத்துவிடுவேன், சனி காலை சுற்றி, முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் பிரட்டி அடுக்கிவிடுவேன். மாலை ஆறு மணிக்குப் பொரிக்கத் தொடங்கினால் ஏழுக்குள் 60 ரோல்ஸ் முடியும். 80 பாகையில் அவன் அடுப்புக்குள் வைத்தால் சூடு நிற்கும். 13 பேருக்கு 60 போதும், மிஞ்சினால் இரண்டோ மூன்றோதான். அதோடு போட்டி நடக்கும் ஊரின் இனிப்பு ஒன்று. மால்மோ என்றால் கறுவா பண், பாசல் என்றால் அந்த ஊரின் லெக்கர்லி என்கிற தேன் பிஸ்கட், வியன்னா என்றால் அப்பிள் ஸ்ட்ரூடல். இருபத்தாறு நாட்டுக்கும் ஒவ்வொரு பலகாரம் என்று இறங்காதீர்கள். நான் இறங்கினேன், சரிவரவில்லை. ஒன்பது மணிக்குப் பிறகு அடுப்படியில் யாரும் நிற்கக் கூடாது. தேத்தண்ணியைப் பெரிய பிளாஸ்கில் ஊற்றி மேசையில் வைத்துவிடுங்கள்.

அயலவர் விஷயம் சுவிஸில் இருப்பவர்களுக்கு மிக முக்கியம். இரவு பத்து மணிக்குப் பிறகு கட்டடம் அமைதியாக இருக்க வேண்டும், இந்தப் போட்டியின் முக்கால்வாசியும் பத்துக்குப் பிறகுதான். இரண்டாம் வருடம் கீழ்வீட்டிலிருந்து பெல் அடித்தார்கள், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு வாரம் முன்னாலேயே உடுப்புத் தோய்க்கும் அறையின் கதவில் ஒரு கடிதம் ஒட்டுகிறேன்: எந்த நாள், எத்தனை மணி வரை, தொந்தரவாக இருந்தால் அழைக்க என் தொலைபேசி எண், விருப்பமென்றால் நீங்களும் வரலாம். பத்து மணிக்கு ஜன்னலையும் பால்கனிக் கதவையும் பூட்டிவிட்டு, ஒலிபெருக்கியைத் தரையிலிருந்து தூக்கி மேசைமேல் வைக்கிறோம். அடித் தாளம் கீழே இறங்குவது அதனால் நன்றாகக் குறையும். கைதட்டுக்குப் பதில் இரண்டு கையையும் மேலே தூக்கி ஆட்ட வேண்டும். கீழ்வீட்டு அம்மாவும் இப்போது 13 பேரில் ஒருவர். அவருக்கு ரோல்ஸ் என்றால் உயிர்.

அலங்காரத்துக்கு நேரம் செலவழிக்கவே வேண்டாம். பிள்ளைகள் வரைந்த கொடிகளைக் குச்சியில் ஒட்டிப் பூச்சாடியில் செருகினால் போதும். ரொறன்ரோவில் இருக்கிற அக்கா குடும்பம் வாட்ஸ்அப் காணொளியில் வருவார்கள், அங்கே பிற்பகல் மூன்று மணி. இணையத்தில் பார்ப்பவர்களுக்குக் காட்சி சில விநாடிகள் பிந்தி வரும். அதனால் அவர்களுடைய ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் வையுங்கள்.

வீட்டுப் புள்ளி அறிவிப்பைத் தொலைக்காட்சி அறிவிப்புக்கு முன்னால் முடித்துவிடுங்கள். பாட்டுகள் முடிந்து இடைவேளைக் கலைநிகழ்ச்சி ஓடும் நேரம் அதற்கு நன்றாகப் போதும். ஒவ்வொருவராக எழுந்து, பித்தளைச் செம்பை ஒலிவாங்கி போலப் பிடித்துக்கொண்டு, தன் 12 யாருக்கு என்று கடைசியாகச் சொல்ல வேண்டும். வெட்கப்படுகிற பிள்ளைகள்கூட அந்தச் செம்பு கைக்கு வந்தால் பேசிவிடுவார்கள். கூட்டுத்தொகையில் முதலில் வந்த நாட்டின் சீட்டு யாரிடம் இருக்கிறதோ, செம்பு ஒரு வருடம் அவர் வீட்டில் இருக்கும்.

ஒரு விதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுவிஸ் எண்ணிலிருந்து சுவிஸுக்கு வாக்குப் போட முடியாது. எந்த நாட்டுக்கும் அப்படித்தான். அதனால் எங்கள் தாளிலும் சுவிஸுக்குப் புள்ளி இல்லை என்று முதலிலிருந்தே வைத்திருந்தோம். 2025இல் போட்டி பாசலில் நடந்தது. சுவிஸுக்காக ஸோயி மெ பிரெஞ்சில் பாடினார், மேடையில் ஆட்டமில்லை, வெடியில்லை, தனியே நின்று மெதுவாக. அம்மா என் பக்கம் திரும்பி, "பிள்ளை, நான் இவவுக்குத்தான் பன்னிரண்டு" என்றார். விதியைச் சொன்னேன். மனமில்லாமல் வேறு யாருக்கோ எழுதினார். நடுவர் புள்ளிகள் வந்தபோது சுவிஸ் 214 எடுத்து இரண்டாமிடத்தில் நின்றது, வீட்டில் எல்லோரும் கை தூக்கி ஆட்டினோம். பிறகு மக்கள் வாக்கு வந்தது: சுவிஸுக்குச் சுழியம். சொந்த ஊர் மேடையில், அந்தப் பிள்ளையின் முகத்தைத் திரையில் காட்டினார்கள். எங்கள் வரவேற்பறையில் ஒருவரும் பேசவில்லை. அம்மாதான், "நான் குடுத்திருப்பன், நீங்கள் விடேல்ல" என்றார்.

இப்போது எங்கள் தாளில் சுவிஸுக்கும் கட்டம் இருக்கிறது.