பெயருக்கு முன்னால் ஒரு பூஜ்யம்

பார்வையற்றோர் பயன்படுத்தும் புத்தகக் கருவியில் எம்பி3 அத்தியாயங்களை ஏற்றுமுன், கோப்புப் பெயர்களை 01, 02 என்று தொடங்குங்கள். அத்தியாயங்கள் நூறை எட்டினால் 001. பல கருவிகள் பெயரை எண்ணாகப் படிப்பதில்லை, எழுத்தெழுத்தாக ஒப்பிடுகின்றன. அதனால் 1, 10, 11 எல்லாம் ஓடிய பிறகுதான் 2 வரும். விண்டோஸ் கணினியில் வரிசை ஒழுங்காகத் தெரிவதை நம்பாதீர்கள். கருவி வேறு கணக்குப் போடும். கடலூரில் பஸ் ஏறி, முள்ளோடை வருமுன்பே கதையின் முடிவு காதில் விழுந்துவிட்டால் புதுச்சேரி வரை எதைக் கேட்பது?

டெய்சி (DAISY) புத்தகத்துக்குள், அதாவது பார்வையற்றோருக்கென்று தனி அமைப்பில் வரும் ஒலிப்புத்தகத்துக்குள் மட்டும் கை வைக்கக் கூடாது. அதிலுள்ள வழிகாட்டிக் கோப்புகள் ஒலிக்கோப்புகளைப் பழைய பெயரில்தான் தேடும். மாற்றினால் புத்தகம் ஒழுங்காக ஓடாது. அந்தப் புத்தகத்தின் வெளிக் கோப்புறைக்குப் பெயர் மாற்றினால் பாதகமில்லை.