பற்றரி சார்ஜ்-டிஸ்சார்ஜ் டெஸ்ட் இடையில நிண்டா முதல்ல இதைப் பாருங்கோ

கேஜ் சிப் (பற்றரியில எவ்வளவு சார்ஜ் இருக்கெண்டு அளக்கிற சிப்) உள்ள லித்தியம் பற்றரியை சொப்ட்வெயாரில போட்டு தானா சார்ஜ், டிஸ்சார்ஜ் ஆக விடுற ஆக்களுக்கு ஒரு விசயம். 4.2 வோல்ட்டுக்கு வந்த பிறகும் அடுத்த ஸ்டெப்புக்குப் போகாமல் நிண்டா உடன பற்றரியில பிழை பிடிக்காதேங்கோ, எனக்கு கிளிநொச்சியில ரெண்டு இரவு இப்பிடித்தான் வீணாப் போனது, கடைசியில பாத்தா சார்ஜர் 100 மில்லிஅம்பியரில நிப்பாட்டுது, நான் சிப்பில டேப்பர் கரண்ட், அதாவது சார்ஜ் கரண்ட் இதுக்குக் கீழ குறைஞ்சா ஃபுல் எண்டு சிப் எடுக்கிற அளவு, 50 எண்டு குடுத்து வச்சிருக்கிறன், 100 இல இருந்து ஒரேயடியா சைபருக்கு விழுந்தா சிப் அதை ஃபுல் எண்டு எடுக்காது. அந்த 50ஐ 150 ஆக்கினன், ஓடிச்சுது.

லேப்டொப் ஸ்லீப்புக்குப் போகாமல் செட்டிங்கை மாத்துங்கோ, இல்லாட்டி லொக் (சொப்ட்வெயார் எழுதுற டெஸ்ட் பதிவு) பாதியில அறுந்திடும்.

சார்ஜ் முடிய 2 மணித்தியாலம், டிஸ்சார்ஜ் முடிய 5 மணித்தியாலம் பற்றரியைச் சும்மா விடோணும், இதை மட்டும் தயவுசெய்து அவசரப்பட்டுக் குறைக்காதேங்கோ, அந்த ஓய்வு இல்லாட்டி சிப் கொள்ளளவைச் சரியாப் படிக்காது.

எங்கட வெயிலுக்கு தகரக் கூரைக்குக் கீழ மத்தியானத்தில சார்ஜ் போடவேண்டாம், அநேகமான செல்லுக்கு 45 பாகைக்கு மேல சார்ஜ் கூடாது, சிப்பும் வெக்கையைப் பாத்து நிப்பாட்டிடும். நான் இப்ப பொழுதுபடத்தான் தொடங்குறது.