டர்பனில் பள்ளிக்கூடக் காதல் படம் எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பதின்வயதுக் காதல் காமெடி எழுத உட்காரும், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாழும் நம் தமிழ்ப் பிள்ளைகள், எல்லா இனத்தவரும் கதையில் இருக்கணும் என்று இப்போது நினைக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் எழுதி முடித்ததைப் படித்தால் நாயகி கோவெண்டர் என்ற தமிழ்க் குடும்பத்துப் பெண், கூடவே சிரிக்கவைக்க, இங்குள்ள கறுப்பின மக்களான ஜூலுக்களில் ஒரு தோழி. அந்தத் தோழிக்கு வீடு கிடையாது, அம்மா கிடையாது, மனசுக்குப் பிடித்த பையன் கிடையாது, நாயகி அழுதால் ஆறுதல் சொல்ல மட்டும் ஓடி வருவாள். ஹாலிவுட் ஆசியர்களை இப்படித்தான் நடத்தியது. 1984-ல் வந்த 'சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்' படத்தில் ஆசிய மாணவன் திரையில் வந்தாலே பின்னணியில் சேகண்டி அடிப்பார்கள். அந்த வேலையை இன்னொருவருக்கு நாம் செய்யக் கூடாது.

இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பள்ளிகளில், பக்கத்தில் கறுப்பினத்தவர் வாழும் உம்லாசியிலிருந்து மினிபஸ் டாக்சி பிடித்து வரும் பிள்ளைகள் உண்டு. மேட்ரிக் டான்ஸ், அதாவது பள்ளி இறுதியாண்டு நடன விழா, ராத்திரி முடியும்போது அந்தத் தோழி எப்படி வீட்டுக்குப் போவாள்? நாயகியின் அப்பா காரில் கொண்டுபோய் விடுவாரா, உம்லாசி என்றதும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்குவாரா, அவளுடைய அண்ணன் வாசலில் வந்து நிற்பானா? இந்த ஒரு கேள்வியை எழுதிப் பாருங்கள், அவளுக்கு உயிர் வந்துவிடும், சிரிப்பும் தானாக வரும்.

அடுத்தது, எனக்கு ரொம்பக் கோபம் வரும் தவறு. தமிழ்ப் பெண்ணும் ஜூலு பையனும் காதலிக்கிறார்கள், உடனே ஆயா, அதாவது பாட்டி, "எங்க காலத்துல கல்யாணம் பண்ணியிருந்தா ஜெயில்ல போட்டிருப்பாங்க" என்று வசனம் பேசுகிறார். தப்பு. 1949-ல் வந்து 1985-ல் நீக்கப்பட்ட கலப்புமணத் தடைச் சட்டம், வெள்ளையர் வெள்ளையரல்லாதவரை மணப்பதைத்தான் தடுத்தது. தமிழரையும் ஜூலுக்களையும் பிரித்து வைத்தது 1950-ல் வந்த, யார் எங்கே குடியிருக்கலாம் என்று இனவாரியாக ஊரை வகுத்த சட்டம். சாட்ஸ்வொர்த் நமக்கு, உம்லாசி அவர்களுக்கு என்று ஆனது அப்படித்தான். அப்புறம் பிரித்து வைத்தது நம் வீட்டுப் பேச்சு. ஆயாவின் அந்த ஒரு வசனத்தால் பழி முழுக்கச் சட்டத்தின் மேல் விழுந்து, நம் வீட்டுக்குள் இருந்த வெறுப்பு தப்பித்துவிடுகிறது. அதே மாதிரி, 2021 ஜூலைக் கலவரத்தில், இந்தியர் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் கறுப்பினத்தவர்கள் கொல்லப்பட்ட பிறகு, ஃபீனிக்ஸ் பையனும் பக்கத்தில் கறுப்பினத்தவர் வாழும் இனாண்டாவின் பெண்ணும் பழகும் கதையில் அதைப் பற்றி யாருமே மூச்சுவிடவில்லை என்றால் இங்கே ஒருவரும் நம்ப மாட்டார்கள். படம் சோகப்படம் ஆக வேண்டியதில்லை. எந்த ஏரியா என்று பையனின் அம்மா கேட்கட்டும், பதிலைக் கேட்டதும் பேச்சை மாற்றட்டும், போதும்.

'நெவர் ஹாவ் ஐ எவர்' என்ற அமெரிக்கப் பள்ளிக்கூடக் காதல் தொடரைப் பார்த்துவிட்டு அப்படியே எழுதுபவர்களும் இருக்கிறார்கள். அதன் நாயகி தேவி அமெரிக்காவில் குடியேறியவர்களின் மகள், அம்மா இந்தியாவில் பிறந்தவர். நம் முன்னோரை ஏற்றிக்கொண்டு மதராஸிலிருந்து முதல் கப்பல் டர்பனுக்கு வந்தது 1860-ல். நம் பிள்ளை ஐந்தாம் ஆறாம் தலைமுறை. அவள் ஆயாவே வீட்டில் இங்கிலீஷ்தான் பேசுவார், தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடுவார். ஊரிலிருந்து வந்த கண்டிப்பான அம்மா இங்கே ஒட்டாது. 2017-ல் வந்த 'கீப்பிங் அப் வித் த கந்தசாமிஸ்' படத்திலும் அம்மாக்கள்தான் காதலுக்குக் குறுக்கே நிற்கிறார்கள், ஆனால் அந்த இரண்டு பேருக்கும் சொந்தமாக ஒரு பகை இருக்கிறது, அதனால்தான் அந்தத் தடை சுவாரசியமாகிறது.

'இந்தியர்' என்று ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். தெலுங்கு நாயுடு வீட்டுப் பையன் இந்திக்கார மஹராஜ் வீட்டுப் பெண்ணைக் கட்டுவதே ஒரு காலத்தில் பெரிய சண்டை. பெந்தெகொஸ்தே என்ற கிறிஸ்தவ சபைக்குப் போகும், 'பிள்ளை' என்ற குடும்பப் பெயருள்ள வீட்டுப் பையனைக் காவடியன்று கோயில் வாசலில் நிறுத்திப் பாருங்கள், அதிலேயே பாதிப் படம் இருக்கிறது.

கறுப்பான பெண்ணைத் தோழியாக்கி, சிவப்பான பெண்ணை நாயகியாக்கும் பழக்கத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை, நிறுத்துங்கள். சுருட்டை முடியை நேராக்கிக் கண்ணாடியைக் கழற்றியதும் பையன் திரும்பிப் பார்க்கும் காட்சியும் வேண்டாம். அவன் அவளை முதல் காட்சியிலேயே, அதே முடியோடு பார்த்துத் தடுமாறட்டும்.