ஜம்பர் வாங்கும் முன் வாசல் நிலையைப் பாருங்கள்

குழந்தைக்கு ஜம்பர் (பட்டையில் தொங்கும் இருக்கை, குழந்தை அதில் உட்கார்ந்து காலால் உந்திக் குதிக்கும்) வாங்க நினைத்தால் வயதை மட்டும் பார்க்காதீர்கள். கழுத்து நன்றாக நின்றிருக்க வேண்டும், தலை ஆடக்கூடாது. பல குழந்தைகள் 5, 6 மாதத்துக்குள் இந்த நிலைக்கு வந்திருக்கும். நடக்க ஆரம்பித்துவிட்டால் ஜம்பரை எடுத்து வைத்துவிடலாம்.

வாசல் நிலையில் மாட்டும் வகைக்கு, நிலையின் மேல்சட்டம் சுவரைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஜம்பரைத் தொங்கவிடும் கிளாம்ப் (இடுக்கி) கவ்வுவது அதைத்தான். நம் ஊர் வீடுகள் பலவற்றில் நிலையும் சுவரும் ஒரே மட்டமாக இருக்கும், பிடிமானம் கிடைக்காது. ஆணி அடித்துச் சமாளிக்கவே வேண்டாம். தரையில் நிற்கும் ஸ்டாண்டு வகை வாங்குங்கள். இருக்கை அகலமாக, தொடையைத் தாங்குவதாக இருக்கட்டும்.

உட்கார வைத்ததும் காலைப் பாருங்கள். முன்பாதம் தரையைத் தொட வேண்டும். முழங்கால் மடங்கினால் பட்டையை ஏற்றுங்கள், கால் அந்தரத்தில் தொங்கினால் இறக்குங்கள். பால் குடித்த உடனே வேண்டாம்.

ஒரு தடவைக்கு 10, 15 நிமிடம் போதும். குதித்தால் சீக்கிரம் நடக்கும் என்பார்கள், நம்பாதீர்கள். அதற்குத் தரையில் குப்புறப் படுத்துத் தவழ்வதுதான் உதவும். ஊஞ்சல் போல ஆட்டிவிடாதீர்கள், நிலையில் தலை இடிக்கும். அடுப்பை அணைக்கப் போவதானாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டே போங்கள்.